அத்தியாயம் 17: கழுத்துச் சந்தனம்

கோபத்தில் பேசாமல் இருக்கும் மனிதரையும் விரதத்துக்காகப் பேசாமல் இருக்கும் மனிதரையும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ராஜமாணிக்கம் போன வாரம் முழுக்கக் கோபத்தில் பேசவில்லை. இன்று ஆயுத பூஜை. இன்றைக்கு அவர் பேசாமல் இருப்பது வழக்கம்.

அப்படித்தான் திலகவதி நினைத்துக்கொண்டிருந்தாள், காலை பூஜை முடியும் வரைக்கும்.

கோபத்துக்குக் காரணம் ஊருக்கே தெரியும். 'பொதட்டூர்பேட்டை ராஜமாணிக்கத்தின் சொத்து மதிப்பு எவ்வளவு தெரியுமா?' என்று ஒரு யூடியூப் சேனல் வீடியோ போட்டது. கிராமியப் பாட்டில் நாற்பது வருடப் பேர், திருநின்றவூரில் மாடி வீடு, திருவள்ளூரில் கல்யாண மண்டபம், கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி நிலம், ஆக மொத்தம் நாற்பது கோடி என்றது. மண்டபம் பாங்க்கில் அடமானத்தில் இருப்பதையோ, அந்த நிலத்துக்குப் போக வழியே கிடையாது என்பதையோ அது சொல்லவில்லை. 'பாடகரும் அவர் மனைவியும்' என்று காட்டிய படத்தில் அவர் பக்கத்தில் நின்றது திலகவதியும் இல்லை. முப்பது வருடமாக அவரோடு மேடையில் ஜோடிப் பாட்டுப் பாடும் ஈஸ்வரி.

அந்தச் சேனலுக்குப் படத்தையும் விவரத்தையும் கொடுத்ததே மகன் ஜெகன்தான் என்பது பிறகு தெரிந்தது. அப்பாவின் கச்சேரிகளைப் பிடிப்பதும் பேரம் பேசுவதும் அவன் வேலை. பெரிய ஆள் என்று பேர் பரவினால் ரேட்டை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். படம் மாறியது மட்டும் சேனல்காரனின் தப்பு என்று சத்தியம் செய்தான்.

அன்று வாயை மூடியவர்தான்.

"நைனா கோவம் தானா எறங்கும், வுடும்மா" என்றான் ஜெகன். திலகவதியும் விட்டுவிட்டாள். அவளுக்கும் கோபம் இருந்தது. 'உன் படம் வராம எவளோ படம் வந்துக்குதே' என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. சோறு போட்டாள், சாப்பிட்டார். துணி எடுத்து வைத்தாள், உடுத்தினார். அந்த வீட்டில் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

ஆயுத பூஜையன்று அவர் வாய் திறக்காதது கல்யாணமான வருடத்திலிருந்து அவள் பார்க்கிற வழக்கம். தறிக்காரன் தறிக்குப் பூ வைத்து அன்றைக்குத் தொடாமல் விடுகிறான். லாரிக்காரன் லாரியை நிறுத்திவிடுகிறான். எனக்குத் தொண்டைதானே ஆயுதம் என்பார். காலையில் மைக்கையும் ஆர்மோனியத்தையும் உடுக்கையையும் சாமி முன்னால் வைத்து, கங்கையம்மன் பேரில் ஒரு பாட்டுப் பாடுவார். பாட்டு முடிந்ததும் மூன்று விரலால் சந்தனத்தை அள்ளித் தொண்டையில் பூசி, நடுவே குங்குமம் வைத்துக்கொள்வார். அதோடு சரி. மறுநாள் விஜயதசமி காலையில் அந்தச் சந்தனத்தைக் கழுவிவிட்டு மறுபடி பாடுகிற வரைக்கும் ஒரு சொல் வராது. செல்போனைக்கூட அன்றைக்கு அவளிடம் கொடுத்துவிடுவார்.

இந்த வருடமும் எல்லாம் இருந்தது. பொரி, கடலை, வாழைக்கன்று, பூ வைத்த மைக், கூடவே ஜெகனின் கேமராவும் லேப்டாப்பும். திலகவதி கற்பூரத் தட்டோடு நின்றாள். அவர் பாட்டைத் தொடங்குவார் என்று காத்திருந்தாள்.

அவர் குனிந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். பூசிக்கொண்டார். வழக்கத்தைவிடக் கனமாக, காதுக்குக் கீழே வரைக்கும்.

"ஏங்க, பாட்டு?" என்றாள் அவள்.

அவர் பூசிய கழுத்தைத் தொட்டுக் காட்டினார். நெற்றியில் தட்டிக்கொண்டார். மறந்துவிட்டேன் என்று அர்த்தம்.

ஜெகன் சிரித்தான். "வயசாயிடுச்சி நைனா ஒனக்கு."

திலகவதி சிரிக்கவில்லை. மூன்றாம் வகுப்பு வரை படித்த இந்த மனிதர் ஐந்நூறு பாட்டைத் தலைக்குள் வைத்திருப்பவர். எந்த ஊரில் எந்த வருடம் எந்தப் பாட்டில் மழை வந்து கூட்டம் கலைந்தது என்று சொல்லக்கூடியவர். பாட்டை மறந்துவிட்டுச் சந்தனத்தை நினைவு வைத்துக்கொள்வாரா?

அவள் இடுப்பில் செருகியிருந்த அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். ஈஸ்வரி.

அவள் அழைப்பை ஏற்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டாள்.

பொரியைக் கொறித்துக்கொண்டே ஜெகன் விஷயத்தை அவிழ்த்தான்.

"சாயங்காலம் ஒரு புரோகிராம் ஒத்துக்கினேன்மா. கும்மிடிப்பூண்டி சிப்காட்ல. கம்பெனி ஆயுத பூஜை."

"இன்னாடா சொல்றே? இன்னிக்கா? இன்னிக்கு உங்க நைனா வாயத் தொறக்க மாட்டாருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும். கம்பெனி மேனேஜர் ஜெரால்ட் சார் கேட்டப்போ வாயில வந்துடுச்சி. பேனர்லாம் அடிச்சி கேட்லயே கட்டிட்டாங்கோ. இப்பப் போய் இல்லன்னு சொன்னா, வீடியோல நாப்பது கோடின்னு பாத்துட்டுத் திமிரு புடிச்சிப்போச்சுன்னு சொல்லுவாங்கோ. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு கம்பெனி கூப்ட மாட்டான்."

"அதுக்கு?"

"ட்ராக் போட்டுடலாம். ரெக்கார்டு ஓடும். நைனா மைக்கப் புடிச்சிக்கினு வாய மட்டும் அசைச்சா போதும்." அப்பாவின் பக்கம் திரும்பினான். "வெரதம் கொரலுக்குத்தானே நைனா? வாய்க்கு இல்லியே? காலைல நாஷ்டா துன்னேல்ல? மைக்கும் பூஜைல வெச்ச நம்ம மைக்கு கெடையாது, வாடகை மைக்கு."

பையனுக்கு இன்று பூசை விழப்போகிறது என்று திலகவதி நினைத்தாள். ஊத்துக்கோட்டைத் திருவிழாவில், கூட்டம் அதிகம், ட்ராக் போட்டு வாயசைத்தால் போதும் என்று சொன்ன ஏற்பாட்டாளரின் கையில் மைக்கைத் திணித்து, 'நீயே அசைச்சிக்கோ' என்று மேடையிலிருந்து இறங்கி வந்த மனிதர் இவர். அன்றைக்குக் கொடுத்த அட்வான்சைத் திருப்பியதோடு, வேன் வாடகையும் கையிலிருந்து போனது.

ராஜமாணிக்கம் மகனைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

தலையை ஆட்டினார். சரி என்று.

"பாத்தியாம்மா! நைனா மாறிட்டாரு" என்று ஜெகன் எழுந்து குதிக்காத குறைதான்.

திலகவதியின் கையில் இருந்த கற்பூரத் தட்டு சூடு ஆறியிருந்தது. அவள் உள்ளுக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் சூடேறத் தொடங்கியது. அவர் மறுத்துக் கத்தியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கும்மா? நீ எப்பம்மா கச்சேரிக்கு வந்திருக்கே?"

"இன்னிக்கு வரேன்டா."

ஜெகன் ஓட்ட, கார் பெரியபாளையத்தைத் தாண்டியது. வழியெல்லாம் உடைத்த பூசணிக்காய். எதிரே வந்த லாரிகளின் முகப்பில் வாழைக்கன்று காற்றில் கிழிந்து ஆடியது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய பின்கழுத்தையே திலகவதி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வாரத்தை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் என்றால் கதவைச் சாத்துகிற வேகத்தில் தெரியும். டம்ளரை வைக்கிற சத்தத்தில் தெரியும். இந்த வாரம் அவர் எதையும் சத்தமாக வைக்கவில்லை. குளிக்கும்போது முனகுவாரே, ஏதாவது ஒரு பாட்டின் நடுவிலிருந்து, அதுவும் இல்லை. தூக்கத்தில் குறட்டை மட்டும் இருந்தது. அதுவும் வழக்கமான குறட்டை இல்லை, காற்று இழுக்கிற மாதிரி.

நாற்பது கோடி எங்கே இருக்கிறது என்று யாராவது வந்து கேட்டால் அவள் அந்தக் கழுத்தைத்தான் காட்ட வேண்டும். மண்டபமும் மாடியும் நிலமும் அதற்குள்ளேயிருந்து வந்தவை. கேசட் விற்ற காலத்தில் மாவட்டத்தில் டீக்கடை டீக்கடையாக ஒலித்தது அதுதான்.

அவருடைய போன் மறுபடி அடித்தது. மறுபடி ஈஸ்வரி.

"யாரும்மா?" என்றான் ஜெகன், வண்டி ஓட்டிக்கொண்டே.

"யாரோ லோன் வேணுமான்னு கேக்கறாங்க" என்று சொல்லிச் சத்தத்தை அமர்த்தினாள். முன்னால் இருந்த தோள் ஒரு தடவை அசைந்ததை அவள் கவனித்தாள்.

சிப்காட்டில் எல்லாக் கேட்டும் திறந்திருந்தது. வருடத்தில் ஒருநாள் காவலாளிகள் யாரையும் கேள்வி கேட்காத நாள். கம்பெனிக் கூடத்தில் பெரிய பிரஸ் இயந்திரங்களுக்குச் சாமந்தி மாலை போட்டு, கண்ணுக்கு எட்டுகிற உயரத்தில் விபூதிப் பட்டை போட்டிருந்தார்கள். புதுச் சட்டையில் தொழிலாளிகள். பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். கையில் பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பெட்டியும்.

பர்சனல் மேனேஜர் ஜெரால்ட் ஓடி வந்து ராஜமாணிக்கத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேடம் வரலீங்களா ஐயா? வீடியோல பார்த்தேன், ஜோடியா." திலகவதியைப் பார்த்து மரியாதையாகக் கைகூப்பினார். "நீங்க ஐயாவோட அக்காங்களா?"

ஜெகன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சம்சாரம்" என்றாள் திலகவதி. "அக்கா மாதிரி ஆக்கி வெச்சிக்கறாரு, அவ்ளோதான்."

ஜெரால்ட் நாக்கைக் கடித்துக்கொண்டு நூறு தடவை மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிராயச்சித்தம் போலப் பூஜைத் தாம்பாளத்தை அவள் கையிலேயே கொடுத்து, மேடைமேல் பாடகருக்குப் பக்கத்திலேயே நிற்க வைத்தார். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகத் திலகவதி ஒரு மேடையில் நின்றாள்.

ட்ராக் ஓடியது. நாற்று நடுகிற பெண்கள் மாமியாரைக் கிண்டல் செய்கிற பாட்டு, அவருடைய பெயரை ஆந்திர எல்லை வரை கொண்டுபோன பாட்டு. ராஜமாணிக்கம் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். கையை வீசினார், புருவத்தைத் தூக்கினார், மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினார். ஒரு இடமும் பிசகவில்லை. ஒரு வார்த்தை புரியாத பீகார் பையன்கள் விசிலடித்து ஆடினார்கள். மேடை ஓரத்தில் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெகன் அம்மாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான்.

இரண்டு பாட்டோடு முடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. முடிந்தும்விட்டது. இறங்கப் போன நேரத்தில் ஜெரால்ட் மேடைக்கு வந்தார்.

"ஐயா, ஒரே ஒரு ஆசை. இப்ப பூசணிக்காய் சுத்தி உடைக்கப் போறோம். எம்.டி. கேக்கறாரு. மியூசிக் எதுவும் வேணாம். சும்மா சாமி பேர்ல ஒரு வரி. ஐயா குரல்ல ஒரு வரி வந்துட்டா, இந்த வருஷம் மெஷின்ல ஒருத்தன் வெரலும் போகாது."

கற்பூரம் ஏற்றிய பூசணிக்காயைக் கையில் ஏந்தி ஒரு பையன் காத்து நின்றான்.

இன்றைக்கு இவர் வாய் திறக்க மாட்டார், விரதம் என்று திலகவதி சொல்லலாம். சொன்னால், அப்படியென்றால் இவ்வளவு நேரம் பாடியது யார் என்று கேட்பார்களே! சொல்லாவிட்டால் இவர் பாட வேண்டும்.

ஜெகனுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு வரிதானே, நைனா பாடிவிடுவார், சாமி கோபித்துக்கொள்ளாது என்று நினைத்திருப்பான். இவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த மைக்கைத் திறந்துவிட்டான். மிக்சரில் பச்சை விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் லேசாக ஒரு இரைச்சல் எழுந்து அடங்கியது.

ராஜமாணிக்கம் மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கியது. வேட்டி நுனியைப் பிடித்திருந்த இடது கை நடுங்கியது. நாற்பது வருடமாகப் பத்தாயிரம் பேருக்கு முன்னால் நடுங்காத கை.

அந்தக் கையைப் பார்த்ததும் திலகவதிக்குப் புரிந்தது. இவருக்குப் பாட விருப்பம் இல்லாமல் இல்லை. முடியவில்லை.

அவள் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எந்தப் பக்கம் விழுந்தால் இயந்திரத்தில் தலை இடிக்காது என்று ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். தாம்பாளத்தை நழுவ விட்டாள். அது கணகணவென்று உருண்டு ஓடிய சத்தத்திலேயே கண்ணைச் செருகிக்கொண்டு சரிந்தாள். வாழ்நாளில் நடித்தறியாதவள், நன்றாகவே விழுந்தாள். முழங்கை மட்டும் விண்ணென்றது.

"அம்மா!" என்று ஜெகன் அலறியது கேட்டது. "தண்ணி! தண்ணி கொண்டாங்க!" என்று ஜெரால்ட் ஓடினார்.

அதற்கும் முன்னால் ராஜமாணிக்கம் அவள் பக்கத்தில் மண்டியிட்டுவிட்டார். விரதம், மேடை, கம்பெனி எதுவும் அவர் நினைவில் இல்லை. கையில் மைக் இருப்பதுகூட நினைவில் இல்லை. வாயைத் திறந்து அவள் பேரைச் சொல்லிக் கத்தினார்.

கூடம் முழுக்க ஸ்பீக்கரில் வெறும் காற்று வந்தது.

ஹா... என்று ஒரு மூச்சு. மறுபடி ஒரு மூச்சு. டயர்க் கடையில் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டால் வருகிற சத்தம்.

"மைக் போச்சுப்பா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

திலகவதி அரைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சாண் தூரத்தில் அவர் முகம். உதடுகள் மறுபடி மறுபடி ஒரே வடிவத்தில் திறந்து மூடின. திலகா, திலகா. வீட்டில்கூட 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். ஆயிரம் பேருக்கு நடுவில் முதல் தடவையாக அவள் பேரைச் சொல்கிறார், அது வெளியே வரவில்லை.

வியர்வையில் ஊறிய சந்தனம் வெடித்து, ஒரு வில்லை அவள் கன்னத்தில் விழுந்தது. சந்தனம் உதிர்ந்த இடத்தில், குரல்வளைக்குப் பக்கத்தில், ஊசி போட்ட பிறகு ஒட்டுவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன வட்டப் பிளாஸ்திரி.

அவள் ஒரு கையால் மைக்கைத் தள்ளிவிட்டு, மறு கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"ஒண்ணுமில்ல எனக்கு" என்று கிசுகிசுத்தாள். "வாய மூடுங்க. யாருக்கும் தெரியல."

ஒருவனுக்குத் தெரிந்திருந்தது. மிக்சர் முன்னால் ஜெகன் எழுந்த நிலையில் அப்படியே நின்றான். அந்த மைக்குக்கு ஒரு குறையும் இல்லை என்று அந்தக் கூடத்தில் அவனுக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும். பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பூசணிக்காயைப் பாட்டு இல்லாமலே உடைத்தார்கள்.

காரைக் கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் நிறுத்தினான் ஜெகன். இன்னும் வெளிச்சம் இருந்தது. அவன் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"எப்பலேர்ந்து நைனா?"

ராஜமாணிக்கம் சட்டையில் உதிர்ந்திருந்த சந்தனத்தைக் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எம்மேல கோவமா இருக்கேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஒரு வாரமா உன் மூஞ்சிய நிமுந்து பாக்காம சுத்திக்கினு இருந்தேன்." அவன் தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். "எங்கிட்ட வேணாம். அம்மாகிட்டயாச்சும் ஜாடை காட்டியிருக்கலாம்ல?"

"அந்தப் பிளாஸ்திரி யார் ஒட்னது?" என்றாள் திலகவதி. "எந்த ஆஸ்பத்திரி? தனியா ரயில் ஏறத் தெரியாது உங்களுக்கு. டோக்கன் போடத் தெரியாது. யார் இட்டுக்கினு போனாங்க?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். மேடையிலும் வீட்டிலும் அவள் எத்தனையோ விதமாகப் பார்த்த முகம். பயந்து பார்த்ததில்லை.

அவள் மடியில் இருந்த போன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. திரையில் அதே பேர்.

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"அண்ணே, நீங்க பேச வேணாம், கேட்டுக்கினா போதும்" என்று மறுமுனையில் ஈஸ்வரி படபடத்தாள். பதிலுக்குக் காத்திருக்காமல் பேசுகிற பேச்சு. குரல் போன மனிதரோடு பல நாள் பேசிப் பழகிய பேச்சு என்பது திலகவதிக்கு உடனே தெரிந்துவிட்டது. "காலைலேர்ந்து அடிச்சிக்கினு இருக்கேன். லேப்ல வேலை செய்ற பொண்ணு போன் பண்ணிச்சி. ரிசல்ட் வந்துடுச்சிண்ணே. டாக்டர் நாளைக்கே வரச் சொல்றாராம், ஊட்லேர்ந்து ஒருத்தரையும் இட்டுக்கினு வரணுமாம். இதுக்கு மேல அண்ணிகிட்ட மறைக்க என்னால ஆவாதுண்ணே. தெனம் செத்துக்கினு இருக்கேன். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

முன் சீட்டில் அவர் முகத்தை மூடிக்கொண்டார். நீட்டிய கை மட்டும் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

திலகவதி அந்தக் கையைத் தன் கையால் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாக.

"அண்ணிதான் பேசறேன், ஈஸ்வரி" என்றாள். "சொல்லு."